மாகறலில் ஒரு மனைப்படப்பை

சரியைத் தொண்டின் வகைகளை எடுத்துரைக்கும் சைவ நன்மக்கள் திருவலகிடுதல், திருமெழுக்கிடுதல், மாலை தொடுத்தல் என்பவற்றோடு திருநந்தவனம் வைத்துப் பேணுதலையும் மறவாது கூறுவர். பூவும் பத்திரமும் இறைவன் திருமுடிக்கு ஏறுவன ஆகலின் நந்தவனத்துக்கு அப்பெருமை தகுவதே. ஆயின், இல்லத்தின் பின்புறத்தே கீரையும் கத்தரியும் அவரையும் வளரும் சிறு கொல்லையை அங்ஙனம் பாராட்டி உரைப்பார் மிகச் சிலரே. அது வயிற்றின் பொருட்டு அமைந்ததென்று எளிதாக எண்ணி விடுகின்றனர்.

திருத்தொண்டர் புராணத்தை ஊன்றிக் கற்றார் அவ்வாறு எண்ணார். இளையான்குடி மாறனார் இல்லத்துக்கு மழை பெய்யும் நள்ளிரவில் ஓர் அடியவர் எழுந்தருளினார். பகலில் விதைத்த நெல்லை வாரிக் கொணர்ந்து அரிசியாக்கினர். கூரையின் கழியை அறுத்து விறகாக்கினர். கறிக்கு யாது செய்வது என்ற போது நாயனார் கைகொடுத்தது இன்னும் முற்றி வளராத கொல்லைப் பயிரேயாம். அதனை வேரோடு பறித்து வந்து கொடுக்க, அவர் மனைவியார் அவ்வொன்றையே பல வகைக் கறியாகச் சமைத்தனர். அரிவாட்டாய நாயனார் வரலாறும் அத்தகையதே. செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும் நாள்தோறும் இறைவனுக்கு அமுது செய்வித்தவர் அவர். வறுமை வந்து, கூலியாகப் பெற்ற நெல் முழுவதும் திருவமுதுக்கே ஆனபோது, அவரையும் மனைவியாரையும் பல நாள் உயிரோடு வைத்திருந்தது மனைப்படப்பையில் இருந்த கீரை. அக்கீரையும் தீர்ந்த பின்னரே அவர்கள் நீரையுண்டு தொண்டு செய்தனர். எனவே, மனைப்படப்பை அடியார் வரலாற்றில் ஓரிடம் பெற்றதாகின்றது. அதனைத் திருத்துவதும் அதற்கு நீர் அமைப்பதும் எத்துணைச் சிறிய செயல்களாயினும், செய்வோன் மனத்தைச் சோதித்துப் பார்க்கும் ஆற்றல் உடையன. அண்மையில் மாகறலில் நிகழ்ந்த ஒரு செய்தி இதனை நன்கு விளக்கும்.

மாகறல் தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற திருப்பதிகள் முப்பத்திரண்டனுள் ஒன்று. காஞ்சியினின்று உத்தரமேரூருக்குச் செல்லும் வழியில், செய்யாற்றின் வடகரையில் உள்ளது. ஆளுடைய பிள்ளையார் செய்யாற்றங்கரைத் திருவோத்தூரில் ஆண்பனைகளைப் பெண்பனைகளாக்கிக் குலை ஈனச் செய்தபின் மாகறலை அடைந்து வணங்கினார் என்பது வரலாறு. அன்பர் ஒருவர் நட்டு வளர்த்த மரங்கள் காய்க்கவில்லையே என்று பிறர் நகைத்ததைப் பொறாது இரங்கிய அத்திருவுள்ளம், அடுத்த பதியிலும் வயலையே முதற்கண் கண்டது போலும். மூன்றாம் திருமுறையில் 72 ஆம் பதிகமாக அமைந்த மாகறல் திருப்பதிகம், விளைந்த கழனியையும் அங்கே வேலை செய்யும் மகளிரின் பாட்டொலியையும் முன்வைத்தே தொடங்குகின்றது.

அவ்வயல்களுக்கு நீர் எளிதில் கிடைப்பதன்று. சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடந்து, மழைக் காலத்தில் பெருகித் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலப்பது. 2021 நவம்பரில் பாலாறும் செய்யாறும் கரை ததும்பி ஓடியதை அப்பகுதியார் மறவார். 2016 ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த கோடையில் கிணறுகள் வற்றியதையும் மறவார். இவ்வாறு மிகையும் குறையுமாக வரும் நீரை நம்பி வாழ்ந்தமையால், அந்நாட்டு முன்னோர் நீரைக் காத்துப் பங்கிடுவதையே பெரிய அறமாகக் கொண்டனர். காஞ்சிக்கு அணித்தான கூரத்தில் ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தே பரமேசுவர தடாகம் என்னும் ஏரி அமைந்து, அதற்குப் பாலாற்றிலிருந்து கால் வெட்டப்பட்டதைக் கூரம் செப்பேடுகள் கூறும். உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துப் பொறித்த 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளோ, முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியாக ஆண்டுதோறும் வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுத்த முறையை விளக்குவன. அவ்வாரியங்களுள் ஏரி வாரியத்துக்கு அறுவரும் தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும் இருந்தனர். பிறன் பொருளைக் கவர்ந்தவர்க்கு அவ்வாரியங்களில் இடமில்லை என்பதும் அக்கல்வெட்டே கூறுவது. ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியம் வைத்தவர்கள், நீரையும் நிலத்தையும் நேர்மையில்லாதான் கையில் ஒப்புவித்தலாகாது என்று அறிந்திருந்தனர்.

அம்மாகறலில் பட்டு நெசவு செய்து வாழ்ந்த முதியவர் ஒருவர் உளர். ஐம்பது ஆண்டு தறிக்குழியில் கால் வைத்திருந்தவர். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இணைத்து நெய்யும் கோர்வை வேலையில் தேர்ந்தவர். 2023 ஆம் ஆண்டில் கண்ணொளி குறைந்து இழை தெரியாமற் போகவே, தறியை விட்டு எழுந்தார். கை சும்மா இருக்கப் பழகவில்லை. வீட்டின் பின்னே மூன்று சென்ட் அளவுள்ள கொல்லை முட்புதரும் கோரையுமாகக் கிடந்தது. அதனைத் திருத்தி மனைவியோடு கறிக்கு வேண்டுவன பயிரிட்டு, திங்கள்தோறும் ஒரு பங்கைக் கோயில் மடைப்பள்ளிக்குக் கொடுத்து வரலாம் என்று கருதினார். கருத்து நல்லதே. ஆனால், அக்கொல்லையில் புதரைக் காட்டிலும் ஆழமாக வேரூன்றிய பிறிதொன்று இருந்தது.

முதியவரின் இளையவர் அடுத்த வீட்டில் வாழ்பவர். இரு கொல்லைக்கும் நடுவே தந்தையார் காலத்து உறைக்கிணறு ஒன்று உண்டு. பாகப் பத்திரத்தில், நண்பகலுக்கு முன் மூத்தவரும் பின்னர் இளையவரும் நீர் இறைத்துக் கொள்வதென்று முறை எழுதப்பட்டது. கிணற்றருகே அவர்கள் அன்னையார் நட்ட எலுமிச்சை மரம் ஒன்று இருந்தது. அதன் கனி மூத்தவர் வழியாகத் திங்கட்கிழமைதோறும் கோயிலுக்குச் செல்லும். அதற்கு நீர் ஊற்றுவது இளையவர் வீட்டின் பொறுப்பு. 2017 ஆம் ஆண்டுக் கோடையில் கிணறு அடிமட்டத்துக்கு இறங்கியது. குடிநீருக்கே இளையவர் மனைவியார் தெருக்குழாயில் நின்று வந்த அந்நாளிலும், மரத்துக்குக் குறைவின்றி ஊற்ற வேண்டும் என்று மூத்தவர் வற்புறுத்தினார். ஒரு நாள் சொல் தடித்தது. மறுநாட் காலையில் எலுமிச்சை மரம் அடியோடு வெட்டுண்டு கிடந்தது. அன்று தொட்டு உடன்பிறந்தார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசியதில்லை. பண்டிகைகள் ஏழு முறை வந்து போயின.

மாகறலின் தல வரலாற்றை அறிந்தவர்க்கு இந்நிகழ்ச்சி ஒன்றை நினைப்பிக்கும். நாள்தோறும் ஒரு கனி தரும் பலா மரம் அங்கே இருந்ததாம். அக்கனி தில்லைக் கூத்தப் பெருமானுக்கு நாள்தவறாது சென்று சேர வேண்டுமென்பது சோழன் ஆணை. சுமக்கும் முறை ஊரார்க்கு மாறி மாறி வந்தது. ஒருநாள் அம்முறை ஒரு சிறுவன் தலையில் விழ, இச்சுமையை ஒழிப்பேன் என்று அவன் மரத்தை எரித்து விட்டான். அரசன் அவனை ஊரைவிட்டு அகற்றி மீளுகையில் பொன்னுடும்பு ஒன்றைக் கண்டு துரத்த, அது புற்றினுள் நுழைந்து சிவலிங்கமாக வெளிப்பட்டது என்பர். உடும்பின் வால் போன்ற அத்திருமேனியையே இன்றும் மாகறலில் தரிசிக்கின்றோர். இறைவனுக்கு அடைக்கலங்காத்த நாதர் என்பதும் ஒரு திருப்பெயர். முதியவர் இவ்வரலாற்றை இளமை முதற் கேட்டவர். ஏழாண்டும் இதனைத் தமக்குச் சார்பாகவே கொண்டிருந்தார். மரத்தை அழித்தவன் தண்டிக்கத் தக்கவன் என்பதே அவருக்கு அதன் பொருளாயிற்று.

2024 ஆம் ஆண்டு சித்திரையில் கொல்லை வேலை தொடங்கிற்று. கோடையுழவின் பயனை அறிந்த அண்டை உழவர் ஒருவர் சொற்படி, முதியவர் கூலியாள் ஒருவரைத் துணைக்கொண்டு மண்ணை ஒன்றரைச் சாண் ஆழம் கொத்திப் புரட்டினார். கோரைக் கிழங்கையும் அருகம்புல் வேரையும் கையாற் பொறுக்கி எடுத்தார். அவற்றுள் ஒரு துண்டு தங்கினும் மழை பெய்த பத்து நாளில் பாத்தி முழுதும் பரவும். புரட்டிய மண்ணைப் பதினைந்து நாள் வெயிலில் காய விட்டார். பின்னர் நன்கு மட்கிய தொழுவுரமும் சிறிது வேப்பம் பிண்ணாக்கும் பரப்பிக் கலந்தார். மட்காத சாணத்தை இட்டால் அது மண்ணிலே வெம்மை கொண்டு வேரைக் கெடுப்பதோடு வண்டின் புழுக்களையும் உடன் கொணரும். நடக்கும் வழி தாழவும் பயிர் நிற்கும் இடம் சற்றே உயரவும் ஆக, ஒரு மீட்டர் அகலமுள்ள பாத்திகள் வகுக்கப்பட்டன. இரு பக்கத்தினின்றும் கை எட்டும் அகலம் அது. பாத்தி மண்ணைக் காலால் மிதித்து இறுக்க வேண்டிய தேவை இராது. பாத்திகளின் மொத்தப் பரப்பு 40 சதுர மீட்டர். களை எடுக்கும் கருவியையே அப்பர் பெருமான் தம் திருத்தோளில் ஏந்திச் சென்றாராகலின், முதியவர் குனிந்த முதுகோடு கோரை பொறுக்கியதைக் கண்டு ஊரார் சிலர் உழவாரத் தொண்டு என்று வாழ்த்தினர். அவரும் உவந்தார்.

நீர் அமைக்கும் நாள் வந்தது. முதியவர் சிறு மோட்டார் ஒன்றை வாங்கிக் கிணற்றில் பொருத்தினார். பாத்திகளுக்கிடையே வாய்க்கால் வெட்டி, மண் பதப்படுவதற்கும் கொழிஞ்சி விதைப்பதற்குமாக நாள்தோறும் காலையில் நீர் பாய்ச்சினார். நான்கடி விட்டமுள்ள கிணற்றில் இரவெல்லாம் இரண்டடி நீர் ஊறினால் அஃது ஏறத்தாழ 700 லிட்டர் ஆகும். வாளியால் இறைத்த காலத்தில் முற்பகல் முழுதும் இறைத்தாலும் அவ்வளவு நீர் போகாது. மோட்டாரோ ஒரு மணி நேரத்துக்குள் சேறு தெரிய இறைத்து விட்டது. அந்நீரிற் பெரும்பகுதி காய்ந்த வாய்க்கால் மண்ணே குடித்தது. எஞ்சியது வெயிலில் ஆவியாயிற்று. பாத்தியின் வேர்நிலைக்குச் சென்றது சிறு பங்கே.

நண்பகல் கழிந்து இளையவர் மனைவியார் வாளியை இறக்கினார். வாளி சேற்றில் தட்டிய ஒலி வேலிக்கு இப்பாலும் கேட்டது. அவ்வம்மையார் ஒன்றும் பேசவில்லை. வாளியைக் கழுவி வைத்துவிட்டு, குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குச் சென்றார். அடுத்த நாளும் அவ்வாறே ஆயிற்று. அதற்கடுத்த நாளும் ஆயிற்று. இதனைக் கண்ட முதியவரின் மனைவியார், "நீங்கள் செய்வது முறைதானா?" என்று வினவினார்.

"காலை முறை நமது. பத்திரத்தில் அவ்வாறே எழுதியிருக்கின்றது" என்றார் முதியவர்.

"பத்திரம் முறையை எழுதிற்று. நீரை எழுதவில்லையே" என்று அவ்வம்மையார் கூறி அகன்றார்.

பத்திரப்படி முதியவர் தவறியவர் அல்லர். அதுவே அவருக்குத் துன்பமாயிற்று. வெளிப்படையாகத் தவறு செய்தவன் அதனை உணர்ந்து திருந்துதல் ஓரளவு எளிது. எழுத்தின் துணையோடு தவறு செய்பவன் தன்னை நேர்மையாளன் என்றே கருதிக் கொண்டிருப்பான். ஆணவமலம் உயிருக்குப் பொருளை மறைப்பதோடு தன்னையும் காட்டாது நிற்பது என்று சாத்திரம் கூறுவதன் உண்மை, இத்தகைய சிறு வீட்டுச் செயல்களிலேதான் தெளிவாக விளங்குகின்றது.

அக்கினி நட்சத்திர நாட்கள் வந்தன. முதியவர் ஒரு சிவாலயத்தில் வழிபடச் சென்றபோது, மூலவர் திருமுடிக்கு மேலே தாராபாத்திரம் தொங்குவதைக் கண்டார். கோடை வெம்மையில் இறைவன் திருமேனி குளிர வேண்டி, அடியில் சிறு துளையுள்ள கலத்தில் நீர் நிரப்பி, அது துளித் துளியாக இடையறாது விழும்படி செய்வது சிவாலயங்கள் பலவற்றில் உள்ள வழக்கம். ஆண்டுதோறும் அவர் கண்டு வணங்கிய காட்சியே. அன்று நெடுநேரம் அங்கேயே நின்றார். ஒரு குடம் நீர் நெடுநேரம் திருமேனியை நனைத்துக் கொண்டிருந்தது. அதனையே ஒருங்கே கவிழ்த்திருந்தால் நொடியில் கோமுகை வழியே ஓடியிருக்கும். உலகம் முழுவதையும் உடையவனுக்குத் துளியளவு நீர் போதும் என்றால், தம் கத்தரிக்கும் கீரைக்கும் கிணறு முழுவதும் வேண்டுமோ என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. வீடு திரும்பியதும் மோட்டாரை நிறுத்தி வைத்தார்.

மண்ணுக்குள் மெல்லக் கசியவிட்டுப் பயிர் வளர்க்கும் அறிவு உலகத்துக்குப் புதியதன்று. சுட்ட மட்கலத்தை மண்ணிற் புதைத்து நீர் நிரப்பி, அதன் கசிவால் சுற்றிலும் கொடி வளர்க்கும் முறை சீன தேசத்துப் பழைய வேளாண் நூலில் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே சொல்லப்பட்டுள்ளது. நம் நாட்டிலும் வறண்ட பகுதிகளில் அம்முறை உண்டு. குழாயில் அமைத்த சொட்டுவாய்கள் வழியாகச் செடியின் அடியில் மட்டும் துளியாக விடும் இக்காலச் சொட்டுநீர்ப் பாசனத்தை இசுரவேல் நாட்டுச் சிம்கா பிளாசு என்னும் பொறியாளர் உருவாக்க, 1965 ஆம் ஆண்டு முதல் அஃது அந்நாட்டிலிருந்து பரவலாயிற்று. தமிழ்நாட்டில் சிறு குறு உழவர்க்கு அரசு முழு மானியத்தோடு இதனை அமைத்துக் கொடுக்கின்றது. மூன்று சென்ட் கொல்லைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை.

இளையவரின் மைந்தன் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் குழாய் பொருத்தும் வேலை கற்றவன். பெரியவர்களின் பகை அவனைப் பெரிதும் பற்றவில்லை. ஓய்வு நாளில் வேலி ஓரமாக வந்து நின்று, "பெரியப்பா, நான் பொருத்தித் தரட்டுமா?" என்று கேட்டான். முதியவர் சற்றுநேரம் வாளா இருந்து, "உன் தந்தையைக் கேட்டாயா?" என்றார். "கேட்கவில்லை. அவர் நான் வருவதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை" என்றான் அவன்.

அமைப்பு எளியதே. 200 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை ஒரு மீட்டர் உயரமுள்ள செங்கல் மேடையில் வைத்தனர். அடியில் ஒரு வால்வும் அதனை அடுத்து வலைவடிகட்டியும் பொருத்தினர். அங்கிருந்து தாய்க்குழாயும், தாய்க்குழாயிலிருந்து பாத்தி ஒன்றுக்கு இரண்டாகச் சிறு குழாய்களும் சென்றன. சிறு குழாயில் 40 செண்டிமீட்டருக்கு ஒரு சொட்டுவாய். மெல்லிய கருங்குழாய்களைப் பாத்தி நெடுகிலும் இழுத்துக் கட்டும்போது, "இது தெருவில் பாவு நீட்டுவது போலத்தான் இருக்கின்றது" என்று முதியவர் கூறினார். பாவில் ஓரிழை தளர்ந்தாலும் புடவை கெடும் என்பதை அறிந்த கை அது. குழாய் எதுவும் வளையாமல் நேராயிற்று.

எவ்வளவு நீர் வேண்டும் என்று கணக்கிடுதலும் கடினமன்று. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் நீர் ஒரு லிட்டர் ஆகும். கோடையிற் கறிப்பயிருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் நீர் எனக் கொண்டால், 40 சதுர மீட்டருக்கு 200 லிட்டர். ஒரு பீப்பாய் ஒரு நாளைக்குப் போதும். முன்னர் 700 லிட்டரும் போதாதென்று தோன்றிய அதே நிலம் அது.

முதல் நாள் வால்வைத் திறந்தபோது அணித்தான பாத்தி நனைந்தது. கடைசிப் பாத்தி காய்ந்தே கிடந்தது. ஒரு மீட்டர் உயரத்துப் பீப்பாய் தரும் அழுத்தம் மிகச் சிறியது. பத்து மீட்டர் உயர அழுத்தத்தில் மணிக்கு இரண்டு லிட்டர் விடும் சொட்டுவாய், இதில் அதன் மூன்றிலொரு பங்கே விடும். அவ்வளவு மெல்லிய ஓட்டத்துக்கு நிலத்தில் நான்கு விரல் மேடும் பெருந்தடை. எனவே, கொத்தனார் வீடு கட்டும்போது மட்டம் பார்ப்பது போல, நீர் நிரப்பிய தெளிந்த குழாயின் இரு முனைகளையும் பிடித்துப் பாத்திதோறும் மட்டம் பார்த்து மண்ணைச் சீர்செய்தனர். தாய்க்குழாயை ஓரத்தில் விடாது கொல்லையின் நடுவே கொண்டு சென்று, சிறு குழாய்கள் இருபுறமும் குறுகிய நீளமே செல்லுமாறு மாற்றினர். மறுநாள் கடைசிப் பாத்தியிலும் ஒவ்வொரு சொட்டுவாயின் கீழும் ஒரு கையகல ஈரம் தோன்றிற்று. பீப்பாய் வற்ற ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதன்மேல் வைக்கோலும் உலர்ந்த இலையும் பரப்பி மூடாக்கிட்டனர். வெயில் ஈரத்தைக் கவராது.

பூக்கும் தறுவாயில் கொழிஞ்சியை மடக்கி மண்ணோடு சேர்த்தனர். ஆடிப் பட்டத்தில் வெண்டையும் கொத்தவரையும் நேரே விதைக்கப்பட்டன. அவரையும் புடலும் பீர்க்கும் பந்தலடியில் ஊன்றப்பட்டன. நாற்றங்காலில் முப்பது நாள் வளர்ந்த கத்தரி நாற்று ஒரு மாலை வேளையில் பெயர்த்து நடப்பட்டது. ஓரத்தில் அகத்தியும், கிணற்றடியில் செங்கீரையும் இடம் பெற்றன. அரிவாட்டாயர் அமுது செய்வித்த கீரை ஆகலின் செங்கீரைப் பாத்தியை முதியவரின் மனைவியார் தாமே பேணினார்.

இப்பொழுது நாள்தோறும் காலையில் முதியவர் 200 லிட்டர் மட்டும் இறைத்துப் பீப்பாயை நிரப்புவார். கிணற்றில் 500 லிட்டர் எஞ்சும். இளையவர் மனைவியார் நண்பகலில் வாளியை இறக்கினால் அது நீரிலேயே விழுந்தது. அவர் தெருக்குழாய்க்குச் செல்வது நின்றது. இதனை எவரும் எவருக்கும் எடுத்துச் சொல்லவில்லை.

ஆவணித் திங்களில் ஒருநாள் முதியவர் வெட்டுண்ட எலுமிச்சையின் அடிமரத்தைத் தோண்டி எடுத்தார். இரண்டடி நீள அகல ஆழமுள்ள குழி வெட்டி, உரமும் மேல்மண்ணும் இட்டு, புதிய எலுமிச்சைக் கன்று ஒன்றை அதே இடத்தில் நட்டார். கன்றுக்குத் தனியே ஒரு சிறு குழாய் இழுத்து இரு சொட்டுவாய் அமைத்தார். அதற்கு நீர் ஊற்றும் பொறுப்பை இனி ஒருவர் தலையிலும் வைக்க வேண்டியதில்லை. அன்றிரவு மனைவியாரிடம் பலா மரத்தின் வரலாற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்: "சிறுவன் எரித்தது குற்றந்தான். பிறர் முதுகில் ஏற்றி அனுப்பிய காணிக்கையில் குற்றம் இல்லையா? அரசன் அதனை ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததாகக் கதையில் இல்லை." ஏழாண்டாகத் தமக்குத் துணையாக வைத்திருந்த கதை இப்போது தம்மை நோக்கித் திரும்பியதை அவர் உணர்ந்தார். அரசன் சிறுவனை அகற்றிவிட்டு மீளும் வழியில் அல்லவா அடைக்கலங்காத்தவன் குறுக்கே ஓடி வெளிப்பட்டான்? தண்டித்தோம் என்ற நிறைவோடு வந்தவனுக்கே அக்காட்சி வேண்டியிருந்தது போலும்.

ஐப்பசியில் முதற் காய்ப்பு வந்தது. ஒரு பங்கு கோயிலுக்குச் சென்றது. ஒரு பங்கை முதியவரின் மனைவியார் வேலிக்கு மேலாக நீட்டினார். இளையவர் மனைவியார் வாங்கிக் கொண்டார். ஆடவர் இருவரும் இன்னும் பேசவில்லை.

கிணற்று நீரில் உப்பு மிகுதி. வடிகட்டியை வாரத்துக்கு ஒரு முறை கழுவாவிடினும், சிறு குழாய்களின் முனையைத் திறந்து அடியில் தங்கிய மண்டியை வெளியே விடாவிடினும் சொட்டுவாய்கள் அடைபடும். கார்த்திகையில் முதியவர் காய்ச்சலால் பத்து நாள் படுத்திருந்தார். மழை இடைவிட்ட நாட்களில் பயிர் வாடியிருக்கும் என்று அஞ்சியவாறு எழுந்து வந்து பார்த்தபோது, பாத்தி ஈரமாக இருந்தது. வடிகட்டியின் வலை கழுவித் துடைக்கப்பட்டுப் பளிச்சென்று இருந்தது. மைந்தன் அக்கிழமை முழுதும் இரவு வேலைக்குச் சென்றிருந்தான் என்பதை முதியவர் அறிவார். பீப்பாய் மேடையின்மேல் ஈரமான காலடித் தடம் ஒன்று இருந்தது. தந்தையாரைப் போலவே வலக்காலின் சிறுவிரல் விலகிய தடம். அவ்விரல் அமைப்பு அக்குடும்பத்தில் இளையவருக்கு மட்டுமே உண்டு.

அதன்பின் ஒரு திங்கட்கிழமை, வேலிக்கு அப்பால் இளையவர் யாரையும் நோக்காது, மரத்தையோ கிணற்றையோ பார்த்துச் சொல்பவர் போல, "எலுமிச்சைக் குழாயில் நீர் நின்றிருக்கின்றது. முனையைத் திறந்து விடவேண்டும்" என்றார். முதியவரும் யாரையும் நோக்காது, "திறந்து விடு" என்றார். இவ்வளவே உரையாடல். ஏழாண்டுக்குப் பின் நிகழ்ந்தது.

இதனைச் சமாதானம் என்று கூறிவிட இயலாது. பாத்தியில் ஊன்றிய வித்து மறுநாளே காய்க்க வேண்டுமென்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அப்பர் சுவாமிகள் சிவகதி விளையும் உழவைக் கூறும்போது பொறையையே பாய்ச்சும் நீராக உருவகித்தருளினார். அதன் அருமை நீர் பாய்ச்சிப் பார்த்தவர்க்கே புலப்படும். ஒரே நாளிற் கொட்டிய பொறை வாய்க்கால் வழியே வீணாக ஓடிவிடும். நாள்தோறும் துளியாக வைத்த பொறையே வேருக்குச் செல்லும். இறைவன் உயிர்களுக்கு அருளுதலும் இம்முறையினதே என்பது சைவ சித்தாந்தத் துணிபு. அவன் அருள் குறைவிலாதது. ஆயினும் மலபரிபாகத்துக்கு ஏற்ப, உயிர் தாங்கும் அளவறிந்தே அதனைப் பதிவிக்கின்றான். நாற்றின்மேல் பெருவெள்ளத்தைத் திறந்து விடும் உழவன் இல்லை. உயிரின்மேல் அவ்வாறு செய்யும் தலைவனும் அவன் அல்லன்.

மனைப்படப்பை அமைக்கக் கருதும் அன்பர்கள் மண்ணைப் பார்ப்பதற்கு முன் கிணற்றைப் பார்ப்பது நன்று. அதில் எவ்வளவு ஊறுகின்றது, அதனை நம்பி வேறு எவர் வாளி இறங்குகின்றது என்பதை அறிந்து பின்னர்ப் பாத்தி வகுத்தல் வேண்டும். அவ்வாறு வகுத்த பாத்தியில் விளைந்த கீரை அரிவாட்டாயர் கூடையில் வைக்கத் தகுதி உடையதாகும். மாகறலில் அவ்வெலுமிச்சைக் கன்று இப்போது இடுப்பளவு வளர்ந்துள்ளது. இன்னும் காய்க்கவில்லை.

திருச்சிற்றம்பலம்.